தட்டெடுக்காமல் ஓடுகிறவள்

மேற்கே ஒரு மேகம் நின்றது. தலையணை அளவு மேகம்தான். ஆனால் காலையிலிருந்து ரோஸ்லின் டீச்சருக்கு வானத்தில் வேறெதுவும் கண்ணில் படவில்லை. கரும்பலகையில் கழித்தல் கணக்கை எழுதுவதும் ஜன்னல் பக்கம் திரும்புவதுமாக இருந்தாள். கரிசல் காட்டில் ஆவணி மாதத்து மேகத்தை வராதா வராதா என்று பார்ப்பவர்கள்தான் உண்டு, வந்துவிடக் கூடாதே என்று பார்க்கிறவள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றால் போதும். மதிய மணி அடித்து முடியட்டும், அப்புறம் கொட்டோ கொட்டென்று கொட்டட்டும். "டீச்சர், பத்துல ஏழு போனா மூணுதான? நீங்க நாலுன்னு போட்டிருக்கீங்க" என்றாள் முன்வரிசையிலிருந்து தருணிகா. பிள்ளைகள் சிரித்தார்கள். "ஆமாட்டி, நீ கவனிக்கியான்னுதான் போட்டேன்" என்று ரோஸ்லின் அழித்துவிட்டு மூன்று என்று எழுதினாள். தப்பைப் பிடித்த சந்தோஷத்தில் தருணிகா முதுகை இன்னும் நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டாள். அந்த முதுகு. இந்தப் பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரப் பிள்ளை யார் என்று யார் வந்து கேட்டாலும் அந்த முதுகைத்தான் காட்டுவார்கள். நிமிர்ந்த முதுகு, முத்து முத்தான கையெழுத்து, கேள்வி முடியுமுன்னே உயர்கிற கை. ரோஸ்லினும் காட்டியிருக்கிறாள். நேற்று வரைக்கும் காட்டியிருப்பாள். தருணிகா நல்ல பிள்ளைதான், அவள்மேல் ஒரு குறையும் இல்லை, ரோஸ்லினே அந்த வயதில் தருணிகாவாகத்தான் இருந்தாள், பேச்சுப் போட்டி, ஒப்பித்தல் போட்டி, மேடையேறி வாங்கிய எவர்சில்வர் டம்ளர்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியே வளர்ந்தாள். கேட்காதது எதையாவது தானாக யோசித்திருக்கிறோமா என்று இன்றைக்குக் காலையிலிருந்து தேடித் தேடிப் பார்க்கிறாள், ஒன்றும் அகப்படவில்லை. மேகம் நகர்ந்த மாதிரி இருந்தது. இல்லை, ஜன்னல் கம்பியை வைத்துப் பார்த்தால் அங்கேயேதான் நிற்கிறது.

ஒரே அறையில் மூன்று வகுப்பு, மூன்று பாய். பாய் பிரிப்பது வகுப்பை வைத்து இல்லை. எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள் அரும்பு, தட்டுத் தடுமாறி வாசிப்பவர்கள் மொட்டு, சரளமாக வாசிப்பவர்கள் மலர். இசக்கிப்பிரியா இரண்டாம் வகுப்பு, ஆனால் அரும்புப் பாயில், ஒன்றாம் வகுப்புக் குஞ்சுகளோடு, சுவரோரம். இப்போது அவள் நோட்டைப் பார்க்கவில்லை, கரும்பலகையைப் பார்க்கவில்லை, வாசலில் வெயில் விழுந்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு பார்ப்பாள், அதனால்தான் எல்லோரும் மந்தம் என்று முடிவு கட்டியது. அவள் அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற வழியில் ஒருநாள் வந்து, "வீட்லயும் இப்படித்தான் டீச்சர், கூப்பிட்டா காதுலயே விழாது, மழுங்கட்டை, ரெண்டு போடுங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றாள். ரோஸ்லின் போடவில்லை. அதற்குப் பதில் இரக்கப்பட்டாள். போன வாரம் வட்டார வள மையத்திலிருந்து அருணகிரி சார் வந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு சோதனை வைத்தார். தனித்திறன் உள்ள பிள்ளைகளை இளம் வயதிலேயே கண்டுபிடித்து டவுனில் சனிக்கிழமைதோறும் தனி வகுப்பு நடத்தப் போகிறார்களாம், வேன் வந்து கூட்டிப் போகுமாம், ஒரு பள்ளிக்கு ஒரு பிள்ளை. அட்டையில் காகம், கிளி, ஆடு, புறா. எது சேராதது? பிள்ளைகள் ஆடு ஆடு என்று கத்தினார்கள். இசக்கிப்பிரியா அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள், சார் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டார். சாயங்காலம் கேட்டருகே வந்து நின்று, "எதோட சேராதது டீச்சர்?" என்றாள். "பறக்குறதோட. மத்த மூணும் பறக்குதுல்ல." அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "காக்கா ஆட்டு முதுகுல உக்காந்துதான போகும்? கிளி உக்காராதே." ரோஸ்லின் சிரித்துவிட்டாள். மறுநாள் ஹெட்மாஸ்டர் பொன்னுச்சாமி சாரிடம் சொன்னபோது அவரும் சிரித்தார், "அதுக்கு எப்பவும் சோத்து நெனப்பும் ஆட்டு நெனப்பும்தான் டீச்சர்." சோற்று நினைப்பு. அதை நினைத்ததும் ரோஸ்லினுக்கு முகம் சுட்டது, சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். ஏனென்றால் அந்தச் சோற்று நினைப்பு என்ற பேரைக் கட்டியதே அவள்தான். மதிய மணி அடித்ததும் முதல் ஆளாக எழுந்து ஓடுகிறவள் இசக்கிப்பிரியா. ஒருநாள் பொன்னுச்சாமி சார் யாரிடமோ போனில் பேசிக்கொண்டே மணியடிக்க மறந்து, வெகு நேரம் கழித்து அடித்தார். இவள் ஓடிப் போய் வெளியே நின்று தேம்பித் தேம்பி அழுதாள். பசி தாங்க மாட்டாமல் பிள்ளை அழுகிறது என்று சத்துணவு அக்கா ஓடிவந்து ஒரு முட்டையைக் கூடுதலாக வைத்தாள். மறுநாளிலிருந்து காலைச் சிற்றுண்டியில் அவளுக்கு ஒரு கரண்டி கூட வைக்கும்படி ரோஸ்லின் ஏற்பாடு செய்தாள், செய்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தன் வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லியும் காட்டினாள். இசக்கிப்பிரியா எல்லாவற்றையும் சாப்பிட்டாள். ஆனால் அவள் தட்டெடுக்காமல் ஓடுவாள். மற்றப் பிள்ளைகள் பையைத் திறந்து தட்டை எடுத்து, அதைத் தாளம் போட்டுக்கொண்டு, தள்ளிக்கொண்டு போவார்கள். இவள் வெறுங்கையோடு ஓடுவாள், அப்புறம் திரும்பி வந்து தட்டை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் கடைசியாக நிற்பாள். தினமும். ரோஸ்லின் தன் இரண்டு கண்ணாலும் தினமும் அதைப் பார்த்திருக்கிறாள். பசிக்கிற பிள்ளை தட்டில்லாமல் ஓடுமா? அந்த ஒரு கேள்வி, இவ்வளவு நாளும், இவ்வளவு பக்கத்தில் இருந்தும், அவளுக்குத் தோன்றவில்லை.

இன்றைக்குக் காலையில் தமிழ்த்தாய் வாழ்த்துக்குத் தலை குனிந்து நின்றபோதுதான் அந்தக் கற்களைப் பார்த்தாள். கொடிக்கம்பத்தின் அடியில். இரும்புக் குழாய்க் கம்பம், உச்சியில் ஒரு குமிழ். அதன் அடியிலிருந்து தெற்கே ஒரு பாய் நீளத்துக்குச் சின்னச் சின்னச் சரளைக் கற்கள் வரிசையாக. முன்பும் கண்ணில் பட்டிருக்கும், பிள்ளைகள் விளையாட்டு என்று கண் தாண்டிப் போயிருக்கும். இன்றைக்கு என்னமோ பாட்டு முடியும்வரை பார்வை அதிலேயே நின்றது. கடைக்கோடியில் கற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடந்தன, போக மனமில்லாத மாதிரி. அங்கிருந்து மெல்ல மெல்ல இடைவெளி விட்டு, இந்தப் பக்கம் வர வர இரண்டு விரல் இடைவெளியில் சீராக அடியெடுத்து வைத்து, கம்பத்துக்கு இரண்டு விரல் முன்னால் வந்து நின்றிருந்தன. நடுநடுவே கொஞ்சம் நீண்ட இடைவெளிகள். இரண்டு விரல். நேற்று மத்தியானம் காதில் மட்டும் விழுந்தது அப்போதுதான் மனசில் கேட்டது. கையைப் பிடித்து இழுத்து இசக்கிப்பிரியா சொன்னது. "நாளைக்கு நெழலு கம்பத்துக்குள்ள போயிரும் டீச்சர்." "சரி சரி, போய்த் தட்டை எடு." பாட்டு முடிந்து பிள்ளைகள் உறுதிமொழி சொல்லிக்கொண்டிருந்தார்கள், ரோஸ்லின் கூடச் சேர்ந்து சொல்ல மறந்துபோனாள். அவள் நிழலின் நுனியைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். குமிழின் நிழல் விழுகிற இடத்தில் தினம் ஒரு கல். மணியடித்ததும், அதே நேரத்துக்கு. கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த நாளிலிருந்து. நீண்ட இடைவெளிகள் சனி ஞாயிறு, எல்லாவற்றிலும் நீளமானது சுதந்திர தினம் வந்த வாரமாக இருக்கும். வரிசையை விட்டுக் கிழக்கே தள்ளி அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கற்கள் கிடந்தன, அவை ஏன் என்று முதலில் புரியவில்லை. ஒன்று ரொம்பவே தள்ளிக் கிடந்தது. அவள் அழுத நாள். மணி தாமதமான நாளெல்லாம் நிழல் கிழக்கே நகர்ந்துவிட்டிருக்கிறது, அவளோ நகர்ந்த இடத்திலேயே கல்லை வைத்திருக்கிறாள், வரிசை அழகாக இருக்க வேண்டும் என்று இழுத்து வைக்கவில்லை. ரோஸ்லினும் பொன்னுச்சாமி சாருமாக இரண்டு வாத்தியார்களின் சோம்பலும் போன் பேச்சும் மண்ணில் கிடந்தன, குற்றம் சொல்லாமல், இருக்கிறபடிக்கு. யார் சொல்லிக் கொடுத்தது? யாரும் இல்லை. ரோஸ்லினுக்கே தெரியாது. தெரியாதென்றும் சொல்ல முடியாது, என்றைக்கோ ஒரு பயிற்சி வகுப்பில் ஒருவர் சொன்னார், நம் பக்கத்தில் வருஷத்துக்கு இரண்டு நாள் உச்சி வெயிலில் நிழல் காணாமல் போகும், சித்திரைப் பிறப்பை ஒட்டி ஒருநாள், ஆவணியில் ஒருநாள். எழுதிக்கொண்டாள், டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் வந்தது, மறந்துபோனாள். ஆயிரம் தடவை இந்த வெயிலில் நடந்திருக்கிறாள், ஒருதரம் குனிந்து பார்த்ததில்லை. ஏழு வயசுப் பிள்ளை, எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை, சூரியன் போகிற போக்கைக் கல்லில் கட்டிவைத்திருக்கிறது. பிள்ளைகள் வரிசை கலைந்து வகுப்புக்குப் போனார்கள். அப்போது இன்னொன்றையும் கவனித்தாள். ஒரு பிள்ளைகூட அந்தக் கற்களை மிதிக்கவில்லை. வளைந்து போனார்கள், வெகு நாள் பழக்கம்போல. அவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது.

மதிய மணிக்குக் கொஞ்ச நேரம் இருக்கையில் போன் அதிர்ந்தது. பொன்னுச்சாமி சார், ஆபீஸ் கூட்டத்திலிருந்து. "டீச்சர், அருணகிரி சார் பைபாஸ் தாண்டிட்டாராம். அவரு வர்ற வரைக்கும் மணியடிச்சிராதீங்க, என்னா? பிள்ளைக தட்டும் கையுமா கலைஞ்சு கெடந்தா நல்லாருக்காது. தருணிகாவ முன்னாடி உக்கார வைங்க. பேர இன்னைக்கே முடிச்சிருவோம்." "சார், நேரத்துக்கு மணி..." "ஒரு கால் மணி நேரம் பசி பொறுத்தா ஒண்ணும் ஆயிராது டீச்சர்." "சரி சார்" என்றாள். இருபது வருஷமாகச் சொல்லி வருகிற சரி சார், அதுபாட்டுக்கு வந்துவிட்டது. போனை வைத்தபின் அது கையில் கனத்தது. அதைத் தட்டிக் கேட்டால் நிழலில்லா நாள் என்றைக்கு என்று ஒரு நொடியில் சொல்லிவிடும். விரலைக் கொண்டுபோனாள், பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து பார்க்கிற மாதிரி இருந்தது, பையில் போட்டுவிட்டாள். ஒருவேளை இன்றைக்கு இல்லையோ என்னவோ. ஒருவேளை எல்லாமே தன் கற்பனையோ, பிள்ளை சும்மா கல் வைத்து விளையாடியதற்குத்தான் இப்படிப் பதறுகிறோமோ. நிழல் உள்ளே போகாவிட்டால் அருணகிரி சாரிடம் என்ன சொல்வது, சார் இந்தப் பிள்ளை கல் வைக்கிறாள் என்றா? போய்விட்டால்? அது அதைவிடப் பயமாக இருந்தது. போய்விட்டால் அப்புறம் இவளை என்ன செய்வது. இதற்கு என்ன பாடம் நடத்துவது, எந்தப் பாயில் உட்கார வைப்பது. சனிக்கிழமை வகுப்பில் காகம், கிளி, ஆடு அட்டைகளை வேகமாகக் காட்டி வேகமாகச் சொல்லப் பழக்கினால்? முன்பு ஒரு பயல் கரித்துண்டால் சுவரெல்லாம் மாடு வரைவான், என்ன அழகு என்று கை தட்டினோம், அதற்குப்பிறகு அவன் கை தட்டுகிறவர்கள் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வரைந்தான், மாட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டான். பேரைச் சொன்னாலும் பயம், சொல்லாவிட்டால் அரும்புப் பாய், அப்புறம் ஐந்தாம் வகுப்பு, அப்புறம் அம்மாவோடு தீப்பெட்டி ஆபீஸ், எங்கேயோ ஒரு மூலையில் வாயைத் திறந்துகொண்டு நிழலைப் பார்க்கிற ஒரு மழுங்கட்டை. யோசனை அங்கேயே மாட்டிக்கொண்டு நின்றது. பிள்ளையை மட்டும் மெல்ல வெளியே அனுப்பிவிடலாமா, ஒன்றுக்குப் போய்விட்டு வா என்று? போவாள். ஆனால் கல் வைக்க மாட்டாள். அவளுடைய கடிகாரம் அந்த மணிதான். மணி அடிக்காத நிழல் அவளுக்குப் பொய் நிழல். வராண்டாவுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். கம்பத்தின் நிழல் மேற்கே ஒரு சாண் நீளத்துக்குக் கிடந்தது, அவ்வளவு உயரமான கம்பத்துக்கு ஒரு சாண் நிழல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சுருங்குவதுபோல இருந்தது. மேகம் எங்கே? வடக்கே ஒதுங்கி, பருத்திக் காட்டின்மேல் போய்க்கொண்டிருந்தது, தனக்கு இதில் ஒன்றும் இல்லை என்பதுபோல. திரும்பினாள். இசக்கிப்பிரியா வாசலைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சலோ அழுகையோ இல்லை. கையில் கல் ஒன்றை மூடி வைத்திருந்தாள். காத்திருந்தாள், அவ்வளவுதான். சாலையில் வண்டிச் சத்தம் எதுவும் இல்லை. நிழல் நான்கு விரலாகியிருந்தது.

உத்தரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டை ரோஸ்லின் இரும்புக் கம்பியால் அடித்தாள். தேவைக்கு மேலேயே அடித்தாள். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஹோவென்று சத்தம் எழுந்தது, தட்டுகள் கலகலத்தன, அவளை உரசிக்கொண்டு எண்ணெய் வைத்த ஒரு சின்னத் தலை வெறுங்கையோடு பாய்ந்து போனது. ரோஸ்லினும் பின்னாலேயே போனாள், செருப்பில்லாத காலைத் தரை சுட்டதுகூட அப்புறம்தான் தெரிந்தது. இசக்கிப்பிரியா கம்பத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். நிழல் இல்லை. தெற்கே இல்லை, மேற்கே இல்லை. சுற்றிலும் வெறும் வெளிச்சம், நடுவில் அந்த இரும்புக் குழாய், தரையிலிருந்து வெயிலே எழுந்து நிற்கிற மாதிரி. ரோஸ்லின் தன் காலடியைப் பார்த்தாள். அவளுடைய நிழலும் பாதத்தைச் சுற்றிச் சுருண்டு கிடந்தது. தலைக்கு நேர் மேலே சூரியன் நிற்பதை உச்சந்தலையில் உணர்ந்தாள், அவ்வளவு தூரத்திலிருந்து அவ்வளவு நேராக, இந்தக் கம்பத்துக்கும் தனக்கும் இந்தப் பிள்ளையின் வகிட்டுக்கும் ஒரே நேராக. ஜெபத்தில்கூட அவளுக்கு இப்படி ஆனதில்லை. பிள்ளை கல்லை எங்கே வைப்பதென்று ஒரு கணம் பார்த்தாள், பிறகு குழாயை ஒட்டி வைத்தாள். முகத்தில் பெரிய சந்தோஷம் ஒன்றும் தெரியவில்லை. சொன்ன நேரத்துக்கு பஸ் வந்துவிட்டதைப் பார்க்கிறவள்போல இருந்தாள். "போயிருச்சு டீச்சர்." "ஆமாட்டி" என்றாள் ரோஸ்லின். "இனிமே?" "நாளைக்கு அந்தப் பக்கம் வரும்" என்று வடக்கே கையைக் காட்டினாள். "அப்புறம்?" "போவும்." "எம்புட்டுத் தூரம் போவும்?" இசக்கிப்பிரியா வடக்கே கிடந்த வெற்று மண்ணைப் பார்த்தாள், வாய் லேசாகத் திறந்துகொண்டது. "தெரியலயே டீச்சர். வச்சுத்தான பாக்கணும்." எழுந்து தட்டெடுக்க ஓடினாள். ரோஸ்லின் அந்த வெற்று மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை ஒரு பிள்ளையிடம் அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. கேட்டைத் தள்ளிக்கொண்டு அருணகிரி சாரின் பைக் வந்து நின்றது. "என்ன டீச்சர், மணியடிச்சாச்சா? எச்செம் ஒண்ணும் சொல்லலையா?" என்றபடி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நேரே கொடிக்கம்பத்தைப் பார்த்து நடந்தார். சோற்று வரிசையிலிருந்து அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள். "சார் சார் மிதிக்காதீங்க!" தருணிகாவின் குரல்தான் அதில் பெரிது. அவர் ஒரு காலைத் தூக்கியபடி திகைத்து நின்றார். "என்னத்தப்பா?" "அந்தால சுத்தி வாங்க சார்" என்றாள் ரோஸ்லின். அவர் சுற்றி வந்தார், கற்களை ஒருமுறை பார்த்தார், சிரித்தார். "பேரு முடிவாயிருச்சா? அந்த மலர்ப் பாய்ப் பிள்ளைதான?" "இசக்கிப்பிரியா." "யாரு? அந்த அரும்புப் பாய்ப் பிள்ளையா? அன்னைக்கு வாயே தொறக்கலையே டீச்சர். எச்செம் ஒத்துக்கிருவாரா?" "நான் பேசிக்கிறேன் சார். நீங்க நாளைக்கு இந்நேரத்துக்கு ஒருதரம் வாங்க, அவ வாயால சொல்லாதது இங்க மண்ணுல கெடக்கு, காட்டுறேன்." அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேலையின் சலிப்பும் வெயிலுமாக நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரி, வாரேன். ஆனா சனிக்கிழம சனிக்கிழம தவறாம அனுப்பிருவீங்களா? அம்மா விடணும், வேனுக்கு நேரத்துக்கு நிக்கணும்." வரிசையின் கடைசியில் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இசக்கிப்பிரியா நின்றாள், குனிந்து எதையோ பொறுக்கிப் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். நாளைக்கு உள்ள கல்லாக இருக்கும். "அனுப்புறேன் சார்" என்றாள் ரோஸ்லின். "மத்த நாளுக்கு இங்க நேரத்துக்கு மணி நான் அடிச்சுக்கிறேன்."